துருவுக்குச் சில்வர் அடிப்பது எப்படி?

ஆரணியில் பாவு பிணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா, ஆள் உண்டு. நெல்லை எத்தனை நேரம் ஊறவைத்து அவிக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமா, எந்த அரிசி ஆலை வாசலில் கேட்டாலும் நாலு பேர் சொல்வார்கள். துருப்பிடித்த டெக் ஷீட் மாடியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி என்று மட்டும் இதுவரை யாரும் வழிகாட்டவில்லை. ஏழு வருடம் ஒரு மாடியைத் துருவுக்குத் தின்னக் கொடுத்தவன் நான். அந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன்.

டெக் ஷீட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளமும் மேடுமாக மடித்த, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு அது. இரும்பு உத்திரங்களின் மேல் விரித்து, வலைக்கம்பி போட்டு, கான்கிரீட் கொட்டினால் மாடி ரெடி. பலகை அடிக்கிற வேலை இல்லை, பிரிக்கிற வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் இருந்தது. மரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு இறுக்கிய கூரை. ஒரு கட்டை உளுத்துவிட்டது என்று முழுக் கூரையையும் இறக்கிவிட்டு டெக் ஷீட்டுக்கு மாறினோம். கட்டையை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கீழே சாயப்பட்டறை. மேலே இரண்டு தறி, ஒரு காலி அறை, மூலையில் ஒரு கழிவறை. இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய மாடிக்கு எங்களிடம் இருந்த ஒரே வரைபடம் இதுதான்.

முதல் படி: அண்ணாந்து பார்க்காதீர்கள்.

பட்டறைக்காரருக்கு இது சுலபமாக வரும். அண்டாவில் பட்டு நூலை முக்கித் திருப்பிக்கொண்டிருப்பவர் கண் அண்டாவை விட்டு நகராது. நகர்ந்தால் ஓரிடம் கறுக்கும், ஓரிடம் வெளுக்கும். அவர் தலைக்கு மேல் நடப்பது வேறு கதை. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுக்கும்போது எழுகிற ஆவி, நேரே தகட்டில் போய் முட்டி, குளிர்ந்து, முத்துமுத்தாகத் தொங்கும். சாயம் பிடிக்க ஊற்றுகிற அசிட்டிக் அமிலத்தின் ஆவியும் துணைக்குப் போகும். துத்தநாகத்துக்கு அமிலம் ஆகவே ஆகாது. அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்கிறீர்கள்? சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று விற்கிற நல்ல தகட்டிலேயே, பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான்தான் வரும். பட்டுக்கூட்டிலிருந்து உருவுகிற ஒற்றை இழையின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை மெல்லிசாக ஒன்றை உடுத்திக்கொண்டு இரும்பு தினமும் ஆவிக்குளியல் போடுகிறது.

முதலில் வெள்ளைதான் பூத்தது. விரலால் தொட்டால் திருநீறு போல ஒட்டும் பொடி. சித்தப்பா அதை நல்ல சகுனம் என்றார். துத்தநாகம் எரிந்து தீர்ந்த சாம்பல் அது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு அதே இடத்தில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். அதற்கடுத்த மழைக்கு வட்டத்தின் நடுவில் செதில். அப்போதும் நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. கறை ஒன்று வெந்த பட்டின் மேல் சொட்டி, ஒரு சேலைக்கான நூல் வீணான அன்றுதான் பார்த்தோம்.

இரண்டாம் படி: சில்வர் பெயின்ட்.

துருவின் மேலேயே அடிக்க வேண்டும். சுரண்டிவிட்டு அடிப்பது பெயின்ட்டையும் நேரத்தையும் வீணாக்கும் காரியம். ஒரு லிட்டரில் ஒரு பட்டறைக் கூரை முழுக்க வெள்ளி போல மின்னும். அன்று மாலையே படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த ஐப்பசியில் அது கழன்று விழும்.

ஏன் விழுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு லிட்டர் பிடித்தது. கான்கிரீட்டுக்கு அடிப்பக்கம் முழுக்கத் தகடு மூடியிருக்கிறது. மேலே விரிசலில் இறங்கிய தண்ணீர் கீழே வழியத் துளை இல்லாமல், தகட்டின் பள்ளங்களில் தேங்கிவிடும். மொட்டை மாடியாக இருந்தால் வெயிலாவது கொஞ்சம் உறிஞ்சும். உள்மாடியில் டைல்ஸ் வேறு ஒட்டியிருப்போம். ஆக மேலும் மூடி, கீழும் மூடி. நடுவில் ஈரத்தோடு தகடு ஊறும். ஆவி கீழிருந்து தின்கிறது என்றால், இந்தத் துரு மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம் வருகிறது. நம் கண்ணுக்குக் கறை தெரிகிற நாளில் அது அநேகமாகத் தகட்டைக் கடந்து வந்திருக்கும். நாம் சில்வர் அடித்துக்கொண்டிருப்பது அதன் வெளிவாசலில்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. டீக்கறைகளில் பெரியது சரியாகக் கழிவறைக்குக் கீழே இருந்தது. பாட்டிக்குச் சுத்தம் முக்கியம். வெள்ளிக்கிழமை தோறும் கழிவறைத் தரையில் ஆசிட் ஊற்றி, புகை வரத் தேய்த்து, பத்து குடம் தண்ணீர் விடுவாள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டைத் தின்றுவிட்டு, தன்னிடம் இருக்கிற குளோரைடை இரும்பிடம் கொண்டு சேர்க்கும். கடற்கரையில் வீடு கட்டியவர்கள் உப்புக் காற்றுக்குப் பயப்படுகிறார்கள். ஆரணியில் எங்களுக்குக் கடல் இல்லை, கமண்டல நாகநதிதான். அந்தக் குறையைப் பாட்டி நிவர்த்தி செய்தாள்.

மூன்றாம் படி: பிவிசி சீலிங்.

பெயின்ட் நிற்கவில்லையென்றால் மனம் தளராதீர்கள். அடியில் பிவிசி பலகை வைத்து மறைத்துவிடுங்கள். வெள்ளையாக, தங்க நிற ஓரம் வைத்து, நடுவில் வட்டமாக எல்இடி விளக்கும் வைத்துத் தருகிறார்கள். சொட்டுகிற தண்ணீர் பலகையின் மேலேயே ஓடி, ஏதாவது ஒரு சுவரோரம் இறங்கும். சுவர்தானே. இந்தப் படியின் அருமை என்னவென்றால், இதற்குப் பிறகு முதல் படியைக் கடைப்பிடிக்க முயற்சியே வேண்டாம். அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது.

இந்த முறையை உலகத்தரத்தில் செய்து காட்டியவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் எலியட் லேக் என்று யுரேனியச் சுரங்கத்தால் வளர்ந்த ஒரு சிற்றூர். அங்கே 1980-ல் ஒரு வணிக வளாகம் திறந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தைக் கூரையிலேயே வைத்தார்கள். அங்கே பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். கார்களோடு அந்த உப்பு கூரைக்கு ஏறியது. திறந்த நாளிலிருந்தே கூரை ஒழுகியது. வாளி வைத்தார்கள், தார்ப்பாய் கட்டினார்கள், விரிசலில் பசை அடைத்தார்கள். உடைமை ஒருவர் மாற்றி ஒருவர் கைக்குப் போனது. வாளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2012 ஜூன் 23 அன்று, உத்திரத்தையும் தூணையும் சேர்த்த ஒரே ஒரு பற்றவைப்பு துருவில் அறுந்து, கூரையின் ஒரு பகுதி கீழ்த்தளம் வரை இறங்கியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பொறியாளர் வந்து பார்த்து, கட்டடம் திடமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். முப்பத்திரண்டு வருட ஒழுக்கல் அது. நாங்கள் ஏழாவது வருடத்தில்தான் இருந்தோம், எங்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருப்பதாகத்தான் நானும் கணக்குப் போட்டேன்.

நான்காம் படி: எல்லோரையும் கேளுங்கள்.

எல்லோரையும் என்றால் பொறியாளர் நீங்கலாக. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் பெயின்ட் கடைக்காரர். பிறகு வாஸ்து பார்ப்பவர். அவர் கழிவறை இருக்கும் மூலையே தப்பு என்றார். அவர் சொன்ன காரணம் வேறு, ஆனால் முடிவு சரி. பிறகு வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாத்துக்கு சார் பயப்படறீங்கோ? இது சும்மா சென்ட்ரிங் மாதிரி. கான்கிரீட் எறங்கி கெட்டிப்பட்டப்பறம் தகடு இருந்தா இன்னா, போனா இன்னா? ஒண்ணும் ஆவாது. கீழருந்து ஒரு தகடு வெச்சு ஒட்டிட்டுப் போறேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் குழப்பமும் இங்கேதான். அவர் சொல்வது சில மாடிகளுக்குப் பொருந்தும். வெறும் அச்சாக மட்டும் தகட்டைப் போட்டு, சாதாரண மாடிக்குப் போடுகிற அத்தனை கம்பியையும் உள்ளே தனியாகக் கட்டியிருந்தால், தகடு துருப்பிடிப்பது பெரும்பாலும் பார்வைக்கு அசிங்கம், அவ்வளவே. ஆனால் தகட்டையே கம்பியாகக் கணக்குப் போட்டுக் கட்டுகிற மாடி இன்னொரு வகை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மாடியின் மேல் ஆள் நடந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் கீழே வளைகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையை முழுக்க வாங்கிக்கொள்வது தகடு. தகட்டின் பக்கங்களில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக அழுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டை அது கவ்விப் பிடித்துக்கொள்ளத்தான். துரு உண்டாகும்போது இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கவ்விய பிடியை அது நெம்பி எடுத்துவிடும். பிறகு கான்கிரீட் ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி மாதிரி.

அப்பாவுக்கு இதை என்னால் விளங்கவைக்க முடியவில்லை. இழுவை, அமுக்கம் என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். ஒருநாள் தறியில் இழை அறுந்து, அவர் குனிந்து பிணைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “அறுந்த இடத்துக்கு அடியில ஒரு துண்டுத் துணி வெச்சு ஒட்டிட்டு நெய்யலாமே?” என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒட்டின துணி எப்படிப்பா இழுவை தாங்கும், இழை இழையைப் பிடிச்சாத்தானே பாவு என்றார். நான் காலடித் தரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த வெல்டிங்காரனை வரவேணாம்னு சொல்லிடு” என்றார்.

வந்திருந்தாலும் கஷ்டம்தான். துருவில் காகிதமாகிப்போன தகட்டில் பற்றவைப்பு நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் வாங்கியவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் அடிக்கும். பால் குடித்தால் போய்விடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பால் நல்லதுதான், ஆனால் நுரையீரலுக்குள் போவதில்லை.

ஐந்தாம் படி: நல்ல மாதத்துக்குக் காத்திருங்கள்.

ஆடியில் வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது. ஆவணியில் முகூர்த்தச் சேலை அவசரம். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் தீபாவளி ஆர்டர். தறியை நிறுத்தினால் ஆர்டர் கொடுக்கும் முதலாளி வேறு நெசவாளர் வீடு பார்ப்பார். கார்த்திகையில் மழை. மார்கழி ஆகாது. தையிலிருந்து மறுபடி கல்யாணச் சீசன். பங்குனி, சித்திரையில் கையில் காசு இருக்காது. வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கும். ஆனியில் ஆரம்பிக்கலாம், ஆனால் ஆனி முடிந்தால் ஆடி. இப்படி எங்களால் ஏழு வருடம் ஓட்ட முடிந்தது. துரு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் துருவைப் பற்றித் தமிழ்நாட்டுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தார்கள். இரும்பு எப்படி அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதே அங்கே ஒரு துறை. கான்கிரீட்டுக்குள் போகிற கம்பிக்குத் துரு ஏறாமல் இருக்கப் பூச்சுகள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டது வாஸ்துக்காரரை.

இனி சொல்லப்போவது நீங்கள் செய்யக் கூடாதவை. செய்தால் மாடி சரியாகிவிடும், இந்த வழிகாட்டிக்கு வேலை இருக்காது.

ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டோம். வந்தவர் முதலில் பிவிசி பலகைகளைக் கழற்றச் சொன்னார். தங்க ஓரத்தோடு எல்லாம் இறங்கியது. சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியாக ஒரு சத்தம். பிடி விட்ட இடத்தில் காலி டப்பா சத்தம். காலி டப்பாவுக்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு கைக்கு அடக்கமான ஒரு கருவி. பசை தடவித் தகட்டில் வைத்தால், மீயொலி அனுப்பி மிச்சமிருக்கும் கனத்தைச் சொல்லும். வாங்கும்போது தகடு ஒரு மில்லிமீட்டர். ஜன்னலோரம் 0.9 காட்டியது. அண்டாவுக்கு மேலே 0.7. கழிவறைக்கு அடியில் கருவியை வைக்கவே இல்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினார். தகட்டைத் துளைத்துக்கொண்டு கான்கிரீட்டில் போய் முட்டியது.

“உள்ள தனியா கம்பி இருக்கா?” என்றார். யாருக்குத் தெரியும். மேலே போய்க் கழிவறையோரம் ஓரடிக்கு ஓரடி உடைத்துப் பார்த்தோம். மேல்பக்கத்தில் விரிசலுக்காகப் போட்ட வலைக்கம்பி மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அதாவது தகடுதான் கம்பி.

உடைத்த இடத்தில் ஒரு திரவத்தைத் தெளித்தார். பினாப்தலீன். கான்கிரீட் காரத்தன்மையோடு இருந்தால் நிறம் மாறும், இரும்புக்குக் காவல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். காற்றில் இருக்கும் கரியமிலவாயு காரத்தைத் தின்றுவிட்ட இடம் நிறம் மாறாது. மேலே ஓர் அங்குலம் சாம்பலாகவே நின்றது. அதற்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அப்பட்டமான ராணி கலர். அத்தனை பேரும் குனிந்துவிட்டோம். கல்யாணப் புடவைக்கு நூலை எத்தனையோ தடவை முக்கி எடுத்தால்தான் வருகிற கலர். அப்பா மட்டும் தொழில் கேள்வி கேட்டார்: “இந்தச் சாயம் நிக்குமா?” நிற்காது என்றார் பொறியாளர்.

அவர் எழுதிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். முதல் வரி பெயின்ட் இல்லை, பற்றவைப்பும் இல்லை: அன்றைக்கே முட்டுக் கொடுக்க வேண்டும், மேலே இருக்கிற சுமை இறங்க வேண்டும். தறியை விட, காலி அறையில் அடுக்கிவைத்த அரிசி மூட்டைகளைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறியது. வீட்டு மாடிக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். 75 கிலோ மூட்டையை இரண்டு அடுக்குப் போட்டாலே அதைத் தாண்டிவிடும். நாங்கள் நாலு அடுக்குப் போட்டிருந்தோம். சொந்த வயல் அரிசி, வெளியே வைக்க மனம் வருமா?

அடுத்தது தண்ணீர். கழிவறைத் தரையை உடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சோடு புதிதாகப் போடுவது. ஆசிட் பாட்டிலை வீட்டை விட்டு வெளியேற்றுவது. அண்டாவுக்கு மேல் கூண்டு வைத்து ஆவியைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே விடுவது. ஊற்று நிற்காமல் எந்த வைத்தியமும் நிற்காது என்றார். கனம் அதிகம் குறையாத இடங்களில் துருவைச் சில்வர் நிற இரும்பு தெரிகிற வரை தேய்த்தெடுத்து, துத்தநாகம் நிறைந்த எபாக்சி பிரைமரும் அதன் மேல் இரண்டு கோட்டும். ஆக, சில்வர் கடைசியில் எங்களுக்கும் கிடைத்தது, துருவுக்கு அடியிலிருந்து. கனம் குறைந்த இடங்களுக்கு, இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் புதிதாக ஓர் இரும்பு உத்திரம். தாண்டும் தூரம் பாதியானால் தகட்டின் மேல் இழுவை பாதிக்கும் கீழே போகிறது. புது உத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுருங்காத சிமென்ட் கலவையால் இறுக்கி நிரப்ப வேண்டும். தொடாத உத்திரம் எதையும் தாங்காது. கழிவறைக்குக் கீழே இருந்த பகுதிக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அறுத்தெடுத்து, தகடும் கம்பியும் புதிதாகப் போட்டுக் கொட்ட வேண்டியிருந்தது. இம்முறை கம்பியைத் தனியாகவும் கட்டினோம்.

செலவு? பெயின்ட், பிவிசி, வாஸ்து மூன்றுக்கும் கொட்டியதைக் கூட்டினால் இதில் ஏறக்குறைய பாதி வந்துவிட்டது.

மேல் தறியை இறக்கும் நாளில் அப்பா காலையிலேயே வந்துவிட்டார். ஏற்றிய பாவில் மூன்று சேலைக்கு ஒன்றுதான் முடிந்திருந்தது. அறுக்காமல், அச்சும் விழுதும் குலையாமல், பாவோடு சுருட்டி இறக்க நாலு பேருக்கு அரை நாள் ஆனது. படிக்கட்டுத் திருப்பத்தில் ஓரிரண்டு இழை அறுந்தது. அங்கேயே உட்கார்ந்து, மாடி இடிந்தாலும் சரி என்பது போல, அவர் அதைப் பிணைத்து முடித்த பிறகுதான் முட்டுக்காரர்களை உள்ளே விட்டார்.

உங்கள் வீட்டில் டெக் ஷீட் மாடிக்கு அடியில் பிவிசி சீலிங் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரே ஒரு பலகையைக் கழற்றி அண்ணாந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே வைத்திருங்கள்.